நகக் கோடு

சனிக்கிழமை சங்கக்கடை அரைநாள்.
காசுப் பெட்டியை எண்ணி ஒப்படைச்சு
சீலையில ஒட்டின மாத்தூசியைத் தட்டிவிட்டு
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால போவன்.
சைக்கிள் ரியூப் ஒட்டுற இடத்துக்கும்
பல்லுக் கட்டுற இடத்துக்கும் நடுவில
செகராசா அண்ணையின்ரை வாடகைப் புத்தகக் கடை.
கிழமைக்கு அறுபது ரூபா.
மூலை மடிச்சால் பத்து ரூபா கூட.

எல்லாக் கதையிலும் அவன் உயரம்.
எல்லாக் கதையிலும் கோபக்காரன், மலையில தேயிலைத் தோட்டம்,
நாற்பதாம் பக்கத்தில அவளைக் கத்துவான்
நூற்றெண்பதில அழுவான்.
ஐம்பத்தொரு வயதில எனக்கிது தெரியாதெண்டு நினைக்கிறியளோ?
பற்றுச்சீட்டில ஒரு சதம் பிசகினாலும் பிடிக்கிறவள் நான்.

ஆனால் இடையில ஒரு வரி வரும்.
மழையில நனைஞ்சு வந்தவளிட்டைத் துவாயை நீட்டி
"சாப்பிட்டாயா?" எண்டு கேட்பான்.
அவ்வளவுதான்.
புத்தகத்தை மடியில கவிட்டு வைச்சிட்டு
கனநேரம் சுத்துற ஃபானையே பார்த்துக்கொண்டிருப்பன்.

அண்ணை ஞாயிறுகளில ரொறன்ரோவில இருந்து எடுப்பார்.
கிணத்து மோட்டர் இழுக்குதோ.
பின்வளவுக்காரன் வேலியைத் தள்ளிப்போட்டானோ.
உறுதி பத்திரமாய்க் கிடக்கோ.
வீடு சுகம், அண்ணை.
கிணறும் சுகம்.

போன மாரியிலதான் கண்டனான்:
அந்த வரிக்குக் கீழ ஒரு பென்சில் கோடு.
முத்தத்துக்குக் கீழ இல்லை,
தாலி கட்டுற இடத்திலயும் இல்லை.
"சாப்பிட்டாயா"வுக்குக் கீழ.
இன்னொரு புத்தகத்தில
"இருமல் குறைந்திருக்கிறதா?" வுக்குக் கீழ.
பேந்தொண்டில
"விளக்கை அணைக்கட்டுமா, இன்னும் படிக்கிறாயா?"

ஆரோ எனக்கு முன்னால வந்து
நான் நிண்ட அதே இடத்தில
நிண்டு மூச்செடுத்திட்டுப் போயிருக்கு.

செகராசா அண்ணை பிளேன்ரீக்குப் போன நேரம்
கொப்பியைப் புரட்டினன். களவுதான்.
இலக்கம் 614. எனக்கு முதல் எடுத்தது
சூ. அலோசியஸ், மின்சார சபை.

மாதாமாதம் கேற்றைத் தட்டி, நாய் இருக்கோ எண்டு எட்டிப் பார்த்து
எண்ணை வாசிச்சுத் துண்டை நீட்டுற மனுசன்.
"போன மாசத்தை விடக் குறைவு, அக்கா."
தனி ஆளுக்கு வேறென்ன வரும்.
மனிசி செத்து ஆறு வருசமெண்டு
மருந்துக்கடையில கதைச்சவை.

இந்த முறை அவர் மீற்றருக்கு முன்னால குனிஞ்சு நிக்கேக்கை
வாய் தவறினமாதிரிக் கேட்டன்,
"சாப்பிட்டாயா?"
நீங்கள் எண்டு சொல்ல மறந்து
புத்தகத்தில கிடந்தபடியே.

அவர் எண்ணை விட்டிட்டுத்
திருப்பி முதலில இருந்து வாசிச்சார்.
பேந்து நிமிராமலே சொன்னார்:
"அறுநூற்றுப் பதினாலு.
எண்பத்தேழாம் பக்கம்."

புட்டும் பழைய மீன்குழம்பும் கிடந்தது.
குசினிக் கதவடியில நிண்டபடியே சாப்பிட்டார்.
கோப்பையைத் தானே கழுவிக் கவிட்டார்.
உயரமில்லை. தோட்டமில்லை.
துண்டில இந்த மாதமும் குறைவுதான்.
இனி என்னெண்டு எனக்குத் தெரியாது,
நூற்றெண்பதாம் பக்கம் ஒண்டும் இதுக்கில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது வேற.

போன கிழமை எடுத்த புத்தகம், அட்டை போனது,
லைற்றுக்குச் சரிச்சுப் பிடிச்சாத்தான் தெரியும்:
பென்சிலில்லை, பேனையில்லை,
நகத்தால அழுத்தி இழுத்த கோடு.
"பயப்படாதே, கதவைப் பூட்டிவிட்டேன்"
எண்ட வரிக்குக் கீழ.

அலோசியஸைக் கேட்டன். தன்ரையில்லையாம்.
கொப்பியில அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றிட்டுது.

ஆர் பிள்ளை நீ?
எந்த வீட்டில, ஒரு பென்சில் துண்டுகூட
எடுக்கேலாமல் இருந்து வாசிச்சனி?
கதவு பூட்டியிருந்ததோ?

அந்தக் கோடு அழிஞ்சுபோகாமல்
அதே பள்ளத்தில என்ரை நகத்தை வைச்சு
இன்னொருக்கா இழுத்துவிட்டு
திங்கட்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தன்.